பத்தாம் மாடி இளவரசியின் கூந்தல்

"இந்த வீட்டில இனி கத்தரிக்கோல் எண்ட சொல்லே கேக்கக்கூடாது!"

அப்பா சபதம் எடுத்தார். சபதம் எடுப்பதென்றால் எழும்பி நின்று, மார்பில் தட்டி எடுக்கவேண்டும். ஆனால் அப்பா விடியப்புறம் இருட்டோடு போய், பின்னேரம் இருட்டோடு வந்தவர். நாள் முழுக்க பஸ் ஓட்டின மனுசன். ஆகவே சோபாவில் படுத்தபடியே எடுத்தார். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"அப்ப உங்கடை மீசையை எதாலை வெட்டுறது?" அம்மா குசினிக்குள் இருந்து கேட்டா.

அப்பா கண்ணை மூடி யோசித்தார். தலையில் ஒன்றும் இல்லாத மனுசனுக்கு மீசை பெரிய விசயம்.

"மீசைக்கு மட்டும் விதிவிலக்கு."

"சரி. அப்ப கத்தரிக்கோல் வீட்டிலதான் இருக்கும்," என்றா அம்மா.

சபதம் எடுத்து ஒரு நிமிசம் ஆகவில்லை. அதற்குள்ளேயே அதில் ஒரு ஓட்டை.

ஒஸ்லோவில் அக்டோபர் மாதம் எல்லாருக்கும் களைப்பு. சூரியனுக்கே களைப்பு, வேலைக்குப் பிந்தி வந்து, முந்திப் போய்விடும். நகரின் ஓரத்து அம்மருட்டில் எங்கள் கட்டடத்துப் பத்தாம் மாடியில் இருந்து பார்த்தால், கீழே வேலையால் வருகிற சனமெல்லாம் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும். அதில் ஆகத் தொங்கின தோள் எங்கள் அம்மாவுடையது. காரணம், அம்மாவின் கூந்தல்.

கூந்தல் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகமுடியாது. முழங்காலுக்குக் கீழே வரும். சனிக்கிழமை தலைக்கு முழுகினால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் காயும். ஈரத்தோடு வெளியில் போனால் ரயிலுக்கு நிற்கும்போதே விறைத்துக் கம்பியாகும். ஜக்கெற்றுக்குள் விட்டால் முதுகில் ஒரு பிள்ளையைச் சுமக்கிற மாதிரி இருக்கும். வெளியே விட்டால் ரயில் கதவு பிடிக்கும். ஒருமுறை குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றுவிட்டது. கட்டடம் பார்க்கிற நோர்வேக்கார மனுசன் வந்து, ஓட்டைக்குள் கம்பியை விட்டு, அரை மணித்தியாலம் இழுத்தெடுத்தார். எடுத்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "உங்கள் நாய் நலமா?" என்று கேட்டார்.

எனக்கு இந்தத் தொல்லை இல்லை. எனக்கு வந்தது அப்பாவின் தலை. "மதுராவின்ரை கூந்தல்" என்று எங்கள் வீட்டில் யாரும் ஒரு வசனம் தொடங்கியதே கிடையாது.

அம்மா ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறா. நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்குவதும், பிள்ளைகள் அவவின் பின்னலில் தொங்குவதும்தான் வேலை. அன்று வந்து ஜக்கெற்றைக் கழற்றாமலே சொன்னா:

"கழுத்து நோகுது. நான் இதைத் தோள்மூட்டோடை வெட்டப்போறன்."

அதற்குத்தான் அப்பாவின் சபதம்.

அப்பாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவர் நோர்வேயில் அகதியாக இருந்தபோது, ஊரிலிருந்து வந்த ஒரேயொரு படத்தைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு ஓம் சொன்னவர். படத்தில் அம்மா பின்னலை முன்னுக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறா. முகம் கொஞ்சம் கலங்கல். பின்னல் தெளிவு. அன்றையிலிருந்து கோயிலோ கல்யாணவீடோ எங்கே போனாலும், அப்பா அம்மாவை முன்னுக்கு நடக்கவிட்டுத் தான் பின்னால் வருவார். சனம் அதை மரியாதை என்று நினைக்கும். அது மரியாதை இல்லை, விளம்பரம்.

இதெல்லாவற்றுக்கும் மேலே, குகதாசன் மாமா.

குகதாசன் மாமா நாலாம் மாடி. போன வருசம் அவருடைய மனுசி அனஸ்ரேசியா மாமி தலைமயிரைக் காதோடு வெட்டினா. அப்பா லிஃப்ற்றுக்குள் வைத்து, "என்ன குகதாசன், இப்ப உம்மடை வீட்டில ரெண்டு ஆம்பிளையோ?" என்று கேட்டுவிட்டார். குகதாசன் மாமா பதில் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருக்கிறார். அம்மா வெட்டினால், அந்த லிஃப்ற்றுக்குள் இந்த முறை சிரிக்கப்போவது அவர். எங்கள் பக்கத்துக்கு லிஃப்ற் ஒன்றுதான்.

"பவளம், நீர் கொஞ்சம் யோசியும். ஊர் என்ன சொல்லும்?"

"ஊரோ? ஊர் வந்து எனக்குத் தலைமுழுக வாக்குமே?"

"கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள் எண்டு சும்மாவே சொன்னவங்கள்?"

"அதைச் சொன்னவன் ஒரு ஆம்பிளையாத்தான் இருப்பான். அள்ளுற கை ஆருடையது எண்டு அவன் சொல்லேல்லை, பாத்தியளே?"

அப்பா "உஃப்" என்றார். நோர்வேக்கு வந்து அவர் முதலில் படித்த சொல் அது. இன்றைக்கும் அவருக்கு வடிவாக வருகிற சொல்லும் அதுதான்.

அப்போது அம்மா போகிற போக்கில் ஒரு விசயம் சொன்னா. வாற வெள்ளிக்கிழமை ஹலோவீன். பாலர் பள்ளியில் வேலை செய்கிற எல்லாரும் தேவதைக் கதையில் வருகிற ஒரு ஆளாய் வேசம் போட்டு வரவேணுமாம்.

அப்பா சோபாவில் எழும்பி இருந்தார். அன்று அவர் செய்த ஆகப்பெரிய உடற்பயிற்சி அது.

"பவளம்! கோபுரத்து இளவரசி!"

"என்ன இளவரசி?"

"கோபுரத்தில பூட்டி வைச்சிருப்பினமே, அந்தப் பிள்ளை. அவள் யன்னலால கூந்தலைக் கீழ விடுவாள். இளவரசன் அதைப் பிடிச்சு ஏறுவான். உம்மைவிட்டா அந்த வேசத்துக்கு இந்த நோர்வேயில ஆர் இருக்கினம்? மற்றவை எல்லாம் கடையில மயிர் வாங்கோணும்!"

"அந்தப் பிள்ளை கோபுரத்தில சும்மா இருந்தவளப்பா. நான் வேலைக்குப் போறனான்."

அப்பா என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, திட்டத்தை விளக்கினார். "விளங்குதோ மதுரா? வெள்ளிக்கிழமை அங்கை எல்லாரும் புகழப்போயினம். படம் எடுக்கப்போயினம். அவ்வளவு பேர் புகழ்ந்த கூந்தலில கொம்மா கைவைப்பாவோ? வைக்கமாட்டா. மனம் வராது. இதுதான் மூளை."

மூளை மேல் குளிர் காற்று அடித்தது. மறைக்க ஒன்றும் இல்லாததால் அப்பா உள்ளே ஓடினார்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னா:

"சரி. இளவரசியாப் போறன். ஆனா சோடினை முழுக்க உங்கடை பொறுப்பு. முழுக வாக்கிறது, காயவைக்கிறது, சிக்கெடுக்கிறது, கொண்டுபோய் விடுறது. எல்லாம் முடிஞ்சாப்போலை அதைப் பழையபடி ஆக்கித் தாறதும் நீங்கள்தான். நான் தலையை மட்டும் தருவன்."

"இது ஒரு வேலையோ? பதினெட்டு மீற்றர் பஸ்ஸைப் பனியில திருப்புறவன் நான்!"

அம்மா இவ்வளவு இலேசில் ஓம் சொன்னது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்பாவுக்கு இருக்கவில்லை. சந்தேகப்படவும் கொஞ்சம் தென்பு வேணும்.

ஆனால் அப்பா சும்மா ஆள் இல்லை. அவர் ஒரு கெட்டித்தனம் செய்தார். கூந்தலை ஒற்றைப் பின்னலாய் இறுக்கிப் பின்னி, அதில் பிளாஸ்ரிக் பூ சுற்றுவது என்று முடிவெடுத்தார். பின்னினால் சிக்கு விழாது. ஊத்தை பிடிக்காது. பின்னேரம் அவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது. நல்ல திட்டம். மிக நல்ல திட்டம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பின்னினால் அப்பாவுக்கு வேலையே இராது.

அம்மாவின் பாலர் பள்ளிப் பொறுப்பாளர் மாரித்தை நான் கோடை விழாவில் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு வசனத்தையும் படியில் ஏறுகிற மாதிரித் தொடங்கி, சறுக்கி இறங்குகிற மாதிரி முடிப்பா. ஓம் என்பதற்கு "யா" சொல்லும்போது மூச்சை வெளியே விடமாட்டா, உள்ளே இழுப்பா. அந்த "யா" எனக்கு ஒரு கிழமையில் பழகிவிட்டது. என் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியில் வீட்டு நம்பரை அடித்தேன். அப்பா எடுத்தார்.

"ஹாஆய், வாரா-தாரா-ராஆயா! மாரித் பேசுகிறேன்!"

வரதராசா என்ற அப்பாவின் பெயர் மாரித்தின் வாயில் அப்படித்தான் வரும். சுவருக்கு அந்தப்பக்கம் அப்பா எழும்பி நிற்கிற சத்தம் கேட்டது. நோர்வேக்காரரோடு போனில் கதைக்கும்போது அப்பா எப்போதும் நின்றுகொண்டுதான் கதைப்பார்.

"யா, யா, வணக்கம் மாரித்!"

"பவளத்தின் வேசம் பற்றிக் கேள்விப்பட்டேன். மிக அருமை! ஆனால் பின்னல் கூடாது. அவிழ்த்துத்தான் விடவேண்டும்."

"பின்னினா வசதி எல்லோ?"

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். "யா... ஆனால் இங்கே கதைகளில் சூனியக்காரிதான் பின்னுவாள். இளவரசி அவிழ்த்துவிடுவாள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். இது நோர்வே வழக்கம்."

நோர்வே வழக்கம் என்றால் அப்பாவிடம் மறுகேள்வி கிடையாது. குப்பையை இந்த நிறப் பைக்குள் போடு என்றால் போடுவார். ஞாயிற்றுக்கிழமை துளை போடாதே என்றால் சுவர்ப்பக்கமே போகமாட்டார். வந்த புதிதில் யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று வருசம் மழையிலும் பல்கனியில் நின்று கோப்பி குடித்தவர். அதுவும் நோர்வே வழக்கம் என்றுதான்.

"கட்டாயம், கட்டாயம்! மிக்க நன்றி, மாரித்!"

அன்று இரவுச் சாப்பாட்டில் என் தட்டில் மட்டும் இரண்டு மீன் பொரியல் துண்டு கூடுதலாக இருந்தது. அம்மா என் பக்கம் குனிந்தா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாய் மூச்சை உள்ளே இழுத்து, "யா" என்றா.

புதன்கிழமை முழுக வார்ப்பு. அப்பா காற்சட்டையை மடித்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். அரை மணித்தியாலம் கழித்து, சுவரையும் நனைத்து, தானும் நனைந்து வெளியே வந்தார். காயவைக்கும் இயந்திரத்தைப் போட்டார். ஹீற்றரும் போட்டிருந்தது. இரண்டையும் தாங்காமல் வீட்டு மின்சாரம் நின்று, பிறகு வந்தது. பிறகு உடுப்புக் காயப்போடும் தட்டியை வரவேற்பறையில் விரித்து, அம்மாவைச் சோபாவில் படுக்கவைத்து, கூந்தலை அதன்மேல் பரப்பினார். அது ரீவியை மறைத்தது. அப்பா கூந்தலுக்குப் பின்னால் ஓடிய உதைபந்தாட்டத்தைச் சத்தத்தில் மட்டும் பார்த்தார். அம்மா நல்ல நித்திரை. வேலை நாளில் அம்மா பின்னேரம் படுத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

வியாழக்கிழமை சிக்கெடுப்பு.

"ஆ! என்னப்பா, நோகுது!"

"கொஞ்சம் பொறும் பவளம்."

"மேலையிருந்து இழுக்கக்கூடாது. நுனியில தொடங்கிப் பின்னுக்குப் பின்னுக்கு மேல வரோணும்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"பதினெட்டு மீற்றர் பஸ் ஓடுறவருக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியும் எண்டு நினைச்சன்."

வெள்ளிக்கிழமை அப்பா லீவு போட்டார். அம்மா திரைச்சீலைத் துணியில் தைத்த மஞ்சள் சட்டையோடும் தலையில் பூ வளையத்தோடும் நின்றா. கூந்தல் கறுப்பு ஆறு மாதிரிக் கீழே ஓடியது. உண்மையாகவே வடிவு. அப்பா ஒரு கணம் களைப்பை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மழையும் பனிச்சேறும். ஆகவே கூந்தலின் அடிப்பாதியை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார்.

லிஃப்ற் நாலாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. குகதாசன் மாமா.

"என்ன வரதண்ணை, கையில?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததையோ ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"ஹலோவீன்."

"ஓ. அக்கா இளவரசி, வடிவாத் தெரியுது. நீங்கள் என்ன வேசம்?"

அப்பா பையை மார்போடு அணைத்தார். அம்மா திரும்பாமலே சொன்னா: "இவர் குதிரை."

குகதாசன் மாமா சிரிக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டு, கன்னத்தைக் கடித்துக்கொண்டு, கீழ்த்தளம் வரை வந்தார். வெளியே இறங்கி நடந்தபிறகுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. கார் தரிப்பிடம் முழுக்கக் கேட்டது.

பாலர் பள்ளி இருக்கிற குரோருட், ரயிலில் ஒரு தரிப்பிடம்தான். ரயிலுக்குள் நோர்வேக்காரர் ஒருத்தரும் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, பாவம்.

தங்களை அங்கே விட்டுவிட்டு என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னா அம்மா. நான் எப்படிப் போவது? ஹலோவீனுக்குப் பூசணிக்காய் குடைய ஆள் வேணும் என்று நின்றுவிட்டேன்.

மாரித் கதை சொன்னா. மட்டையில் செய்த கோபுரத்துக்கு முன்னால் அம்மா கூந்தலை விட்டுக்கொண்டு நின்றா. இளவரசன் கூந்தலைப் பிடித்து ஏறினான் என்ற இடம் வந்தது. அந்த வகுப்பில் யாரும் சூனியக்காரியாய் இருக்க விரும்பவில்லை. எல்லாரும் இளவரசன். பூசணிக்காய் பிசைந்த கை, பசை பூசின கை, மினுக்கல் தூள் கை, இனிப்பு சூப்பின கை. எல்லாக் கையும் ஏறத் தொடங்கின.

"இல்லை! இல்லை! மெதுவா!" அப்பா நோர்வே மொழியிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். வௌவால் வேசம் போட்ட ஒரு குட்டி அவருடைய காலையும் பிடித்து ஏறியது.

அம்மா அசையவில்லை. புன்சிரிப்போடு அப்படியே நின்றா. படம் எடுத்தார்கள். புகழ்ந்தார்கள். அப்பா நினைத்தது எல்லாம் நடந்தது.

எல்லாம் அடங்கினபிறகு அப்பா மாரித்திடம் போனார். "பின்னியிருந்தால் இவ்வளவு ஒட்டியிருக்காது," என்றார்.

மாரித் மூச்சை உள்ளே இழுத்தா. "யா! நானும் அதைத்தான் யோசித்தேன். ஏன் பின்னவில்லை?"

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பூசணிக்காய்க்குள் பார்த்தேன். அங்கே நிறைய வேலை இருந்தது.

திட்டுவதற்கும் தென்பு வேணும். அப்பா, "வீட்டை வா," என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போனபிறகு அதையும் மறந்து நித்திரையானார்.

சனிக்கிழமை காலமை ஒப்பந்தத்தின் கடைசிப் பாகம் தொடங்கியது. அம்மா கதிரையில் இருந்து கடை விளம்பரப் புத்தகம் பார்த்தா. அப்பா பின்னால் முழங்காலில். பசை போகச் சுடுதண்ணீர். இனிப்புப் போக எண்ணெய். எண்ணெய் பட்டதும் மினுக்கல் தூள் இன்னும் இறுக்கமாய் ஒட்டியது. ஒரு பிளாஸ்ரிக் சிலந்தி வந்தது. பிறகு ஒரு பொத்தான். பிறகு, ஆருடையதென்று தெரியாத ஒரு சின்னக் காலுறை.

அப்பாவின் வழுக்கையில் மினுக்கல் தூள் படிந்து, யன்னல் வெளிச்சத்தில் அவர்தான் தேவதை மாதிரி இருந்தார்.

மத்தியானமாகியது. பாதிகூட முடியவில்லை. அப்பா சீப்பைக் கீழே வைத்தார். கையை உயர்த்தப் பார்த்தார். அது தோளுக்கு மேலே வரவில்லை.

"பவளம்."

"ம்?"

"இதை நீர் கிழமைக்குக் கிழமை செய்யிறனீரோ?"

"ஓம்."

"வேலைக்கும் போய்?"

"ஓம்."

"ஒண்டும் சொன்னதில்லையே."

"சொன்னனான். நீங்கள் அப்ப சபதம் எடுத்துக்கொண்டு படுத்திருந்தனீங்கள்."

அப்பா நிலத்தில் இருந்தார். அந்தச் சின்னக் காலுறையை எடுத்துத் தட்டினார். பிறகு அவர் சொன்னார்:

"வெட்டுவமப்பா."

அம்மா விளம்பரப் புத்தகத்தை மூடினா. நெஞ்சில் கைவைத்தா. "ஐயோ, என்ன கதை இது? படத்தைப் பாத்துக் கட்டின கூந்தல்! ஊர் என்ன சொல்லும்? குகதாசன் லிஃப்ற்றுக்குள்ளை என்ன சொல்லுவார்?"

"சொல்லுறதைச் சொல்லட்டும். நான் இனிப் படியால ஏறுறன்."

"பத்து மாடியோ?"

"பத்து மாடி. இதைவிடச் சுகம்."

"எனக்கு மனம் வரேல்லை. பிறகு நான்தான் வெட்டினனான் எண்டு கதை வரும். நீங்களே சலூனுக்குப் போன் எடுத்து, நீங்களே நேரம் கேளுங்கோ. அப்பத்தான் போவன்."

அப்பா போனை எடுத்தார். எழும்பி நின்றார். உடனே எதையோ நினைத்துக்கொண்டு என்னைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார்.

"நீ இதில நில். வாயைக் கையால பொத்து. எனக்குத் தெரியிற மாதிரிப் பொத்து."

பொத்தினேன். மற்றக் கை சும்மாதான் இருந்தது. அதனால் போனின் ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்தினேன். அப்பா கவனிக்கவில்லை. தன் மிக நல்ல நோர்வே மொழியில், தன் மனைவிக்குத் தலைமயிர் வெட்ட ஒரு நேரம் வேண்டும், அது மிக நீளமான தலைமயிர், இது முழுக்க முழுக்கத் தன்னுடைய விருப்பம் என்றார்.

"பெயர்?" சலூன்காரி கேட்டா.

"பவளம் வரதராசா."

"ஓ, பவளமா! அவவுக்குச் செவ்வாய்க்கிழமை நேரம் போன மாதமே எழுதிக் கிடக்கிறதே," என்றா அவ. "ஆனால் நீங்கள் திங்கள் வரைக்கும் தாங்குவீர்கள் என்றல்லவா சொன்னவ?"